பாம்புக்கடி ஊசியில் திறந்த கண்

எனக்கு மயஸ்தீனியா கிராவிஸ் என்னும் தசைத் தளர்ச்சி நோய் இருப்பதை முதலில் காட்டிக்கொடுத்தது, பாம்புக்கடிக்காக அரசு மருத்துவமனையில் வைத்திருந்த ஓர் ஊசி. அதற்கு முன்பு மாதக்கணக்கில் அலைந்திருந்தேன். கண் மருத்துவர் கண்ணாடியை மாற்றினார். காது மூக்கு தொண்டை மருத்துவர் குரலுக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னார். இன்னொருவர் மன அழுத்தம் என்று தூக்க மாத்திரை எழுதினார். அந்த மாத்திரையை நான் வாங்காமல் விட்டது நல்லதாகப் போயிற்று. இந்த நோய் உள்ளவர்களுக்கு அது மூச்சை இன்னும் தளர்த்திவிடக்கூடும்.

நான் காட்பாடிப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியை. முதல் பாடவேளையில் கணீரென்று இருக்கும் குரல், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மூக்கால் வரும். கடைசிப் பாடவேளையில் இடது இமை பாதிக் கண்ணை மூடிவிடும். ஆட்டுக்கறியை மென்று முடிப்பதற்குள் தாடை சோர்ந்துபோய், ஒரு கையால் முகவாயைத் தாங்கிக்கொண்டு மறு கையால் சாப்பிட்டேன். மருத்துவர்களிடம் போனதெல்லாம் லீவு போட்டு, நன்றாகத் தூங்கி எழுந்து, காலையில். அந்த நேரத்தில் என் முகத்தில் ஒரு குறையும் தெரியாது. இதே சந்தேகத்தோடு யாராவது இதைப் படிக்கிறீர்கள் என்றால், காலையில் ஒரு படமும் சாயங்காலம் ஒரு படமும் செல்போனில் எடுத்துக்கொண்டு போங்கள். நான் வாயால் சொன்னதை நம்பாதவர்கள்கூடப் படத்தைப் பார்த்தால் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

வைகாசி முதல் தேதி குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசு திருவிழா. அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சூடு ஏறினால் இந்த நோயும் ஏறும் என்பது எனக்கு அப்போது தெரியாது. இரவு சாப்பிடும்போது குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. இரண்டு இமைகளும் விழுந்துவிட்டன. பொழுது சாயும் நேரத்தில் விறகு எடுக்கப் பின்பக்கம் போனதை அம்மாதான் நினைவுபடுத்தினார். "அக்கா, பூச்சி ஏதாவது பட்டதா?" என்று தம்பி கேட்டான். எங்கள் பக்கம் ராத்திரியில் பாம்பின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். கட்டுவிரியன் கடித்தால் வலிக்காது, கண் சொருகும் என்பது ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

இரவுப் பணியில் இருந்தவர் இளம் மருத்துவர். விரல் இடுக்கெல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தார், பல் தடம் இல்லை. கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைகிறதா என்று பார்த்தார். உறைந்தது. ஆகவே கண்ணாடி விரியன் இல்லை. பிறகு அட்ரோபினோடு சேர்த்து நியோஸ்டிக்மின் ஊசி போட்டார். நல்ல பாம்புக் கடியில் அது கைகொடுக்கும், கட்டுவிரியனுக்கு அவ்வளவாகப் பலிக்காது, போட்டுப் பார்ப்போம் என்றார். அரைமணி நேரத்தில் என் இமைகள் இரண்டும் மேலே ஏறின. தம்பி கையெடுத்துக் கும்பிட்டான். மருத்துவருக்கு மட்டும் முகம் தெளியவில்லை. "டீச்சர், இது இன்றைக்குத்தான் முதல் தடவையா?" என்று கேட்டார். நான் பள்ளிக்கூடக் கதை முழுவதையும் சொன்னேன். சீட்டின் பின்பக்கத்தில் நோயின் பெயரை எழுதிக் கேள்விக்குறி போட்டு, வேலூருக்குப் போய் நரம்பியலில் காட்டுங்கள் என்று கொடுத்தார்.

பிறகு படித்தபோதுதான் தெரிந்தது, இந்த வைத்தியமே இப்படித்தான் பிறந்திருக்கிறது. 1934ல் லண்டனில் மேரி வாக்கர் என்ற மருத்துவர், இந்த நோயாளிகளின் தளர்ச்சி கியூராரே என்னும் அம்பு விஷத்தின் தளர்ச்சியைப் போலவே இருப்பதைக் கவனித்து, அந்த விஷத்துக்கு மாற்றான ஃபைசோஸ்டிக்மினைக் கொடுத்துப் பார்த்தார். விழுந்திருந்த இமை எழுந்தது.

நடப்பது இதுதான். நரம்பின் முனையிலிருந்து அசிட்டைல்கொலின் என்னும் வேதிப்பொருள் வெளிவந்து தசையில் உள்ள ஏற்பிகளைத் தொட்டால்தான் தசை சுருங்கும். என் உடம்பின் நோய் எதிர்ப்பு மண்டலம் அந்த ஏற்பிகளையே அந்நியமாக நினைத்து எதிர்ப்பொருள் தயாரிக்கிறது. எதிர்ப்பொருள் சில ஏற்பிகளை அடைக்கிறது, சிலவற்றைத் தசைக்குள் இழுத்து அழிக்க வைக்கிறது, காம்ப்ளிமென்ட் என்னும் புரதக் கூட்டத்தைக் கூப்பிட்டுத் தசையின் மேற்பரப்பையே சிதைக்கிறது. ஒரே தசையைத் தொடர்ந்து வேலை வாங்கும்போது நரம்பு வெளிவிடும் அசிட்டைல்கொலின் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறைவது எல்லோருக்கும் இயல்பு. ஏற்பிகள் தாராளமாக இருப்பவர்களுக்கு அது தெரியாது. எனக்குக் கோடைக்காலத் தெருக்குழாய் மாதிரி, முதல் குடத்துக்கு வேகமாக வரும், நாலாவது குடத்துக்குச் சொட்டும். நியோஸ்டிக்மின் வகை மருந்துகள் அசிட்டைல்கொலினைச் சிதைக்கும் நொதியைத் தடுத்து, இருப்பதை இன்னும் சற்று நேரம் நிற்க வைக்கின்றன, அவ்வளவுதான். பதினோராம் வகுப்புக்குப் பலகையில் நான் வரைந்துவந்த படம்தான் இது. நோய் பிடித்த படத்தை வரைந்ததில்லை.

வேலூரில் காத்திருப்பு நீண்டது. 1949ல் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பு அறுவைச் சிகிச்சைத் துறையை இந்த ஊரில் தொடங்கினார். இன்றைக்கும் வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ரயில் ரயிலாகக் காட்பாடியில் வந்து இறங்குகிறார்கள். லாட்ஜ் பலகைகளில் வங்காள எழுத்து இருக்கும். நான் பஸ்ஸில் வந்துவிட்டு அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து அலுத்துக்கொள்ள வெட்கமாக இருந்தது.

நரம்பைத் தூண்டும் பரிசோதனைக்கு, அதுவரை தொடங்கியிருந்த, நியோஸ்டிக்மின் வகையைச் சேர்ந்த பைரிடோஸ்டிக்மின் மாத்திரையை முந்தைய இரவே நிறுத்தச் சொன்னார்கள். முகத்திலும் தோளிலும் கம்பி ஒட்டி, நொடிக்கு மூன்று முறை மின்சாரத்தால் சுண்டுகிறார்கள். வலி என்று சொல்ல முடியாது, எரிச்சல். திரையில் முதல் கோடு உயரமாகவும் அடுத்தடுத்தவை குட்டையாகவும் எழுந்தன. 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் நோயின் அடையாளம். ரத்தத்தில் ஏற்பிக்கு எதிரான எதிர்ப்பொருளும் இருந்தது. உடல் முழுக்கப் பரவிய வகையில் சுமார் 85 சதவீதம் பேருக்கு இது இருக்கும். மற்றவர்களில் சிலருக்கு 2001ல் கண்டறியப்பட்ட, மஸ்க் என்னும் வேறொரு தசைப் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள்.

பாம்பு இங்கேயும் வருகிறது. இந்த எதிர்ப்பொருளை அளக்க நெடுங்காலமாக நம்பகமானதாகக் கருதப்படும் முறையில், தைவான் நாட்டுக் கட்டுவிரியன் ஒன்றின் விஷத்திலிருந்து பிரித்த ஆல்ஃபா பங்காரோடாக்சினைப் பயன்படுத்துகிறார்கள். அது ஏற்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், எனவே ஏற்பிகளை எண்ணுவதற்கு அதைவிட நல்ல அடையாளம் இல்லை. 1973ல் ஃபேம்ப்ரோ, டிராக்மேன், சத்தியமூர்த்தி மூவரும் இதே விஷத்தை வைத்துத்தான் நோயாளிகளின் தசையில் ஏற்பிகள் குறைந்திருப்பதைக் காட்டினார்கள். அதே ஆண்டு பாட்ரிக், லிண்ட்ஸ்ட்ரோம் என்ற இருவர் மின்விலாங்கிலிருந்து எடுத்த ஏற்பியை முயல்களுக்கு ஊசியாகப் போட, முயல்களுக்கு இந்த நோயே வந்துவிட்டது. ஊரில் என்னைப் பாம்பு கடித்ததாகச் சொன்னவர்களைப் பற்றி இப்போது நான் எதுவும் சொல்வதில்லை.

பைரிடோஸ்டிக்மின் மாத்திரையின் வேகம் மூன்று நான்கு மணி நேரம். சாப்பாட்டுக்கு அரைமணி முன்பு போட்டால் மெல்ல முடியும். வயிற்றைப் பிசையும், பேதியாகும். நோயின் வேரை அது தொடாது என்பதால் பிரெட்னிசலோன் என்னும் ஸ்டீராய்டைத் தொடங்க வேண்டும் என்றார்கள். ஸ்டீராய்டு தொடங்கிய முதல் இரண்டு வாரத்தில் நோய் கூடலாம் என்று முன்கூட்டியே எச்சரித்து, படுக்கையில் சேர்த்துத்தான் ஆரம்பித்தார்கள். எச்சரித்தபடியே நடந்தது. ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணச் சொல்லி, எதுவரை போகிறேன் என்று செவிலியர் தினமும் குறித்துக்கொள்வார். இருபதைத் தாண்டிக்கொண்டிருந்தவள் பத்திலேயே திணற ஆரம்பித்த அன்று, பிளாஸ்மா மாற்றத்துக்கு அழைத்துப்போனார்கள். கொடையாளர்களின் ரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்பொருளான ஐவிஐஜியும் கொடுக்கலாம், விலைதான் எட்டாது என்று கணவரிடம் வெளிப்படையாகவே சொன்னார்கள்.

கழுத்துச் சிரையில் குழாய். இயந்திரம் ரத்தத்தை இழுத்து, அணுக்களைத் திருப்பிக் கொடுத்து, பிளாஸ்மாவை மட்டும் பையில் ஒதுக்குகிறது. அதற்கு ஈடாக அல்புமின் ஏறும். ரத்தம் உறையாமல் இருக்கச் சேர்க்கும் சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்ந்தது. சொன்னவுடன் கால்சியம் போட்டார்கள். கொக்கியில் தொங்கிய பை வெளிறிய மஞ்சளாக நிறைந்துகொண்டே வந்தது. என்னைப் படுக்க வைத்த எதிர்ப்பொருள் எல்லாம் அதற்குள் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே கிடந்தேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் இது தொடர, இட்லியை விழுங்கினேன், பிறகு சோறு. இதன் பலன் சில வாரம்தான். உடம்பு மறுபடியும் எதிர்ப்பொருளைத் தயாரிக்கும். அந்த இடைவெளியில் ஸ்டீராய்டு பிடித்துக்கொள்ள வேண்டும்.

அதிகம் யோசித்தது தைமஸ் அறுவைக்குத்தான். நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் இந்தச் சுரப்பியில்தான் டி அணுக்கள் என்னும் நோய் எதிர்ப்பு அணுக்கள் பழகுகின்றன. இந்த நோயில் பலருக்கு அது வீங்கி, எதிர்ப்பொருள் தயாரிக்கும் இடமாகவே மாறிவிடுகிறது. நோயாளிகளில் 10 முதல் 15 சதவீதம் பேருக்கு அதில் கட்டி இருக்கும், அவர்களுக்கு அறுவை கட்டாயம். எனக்கு சி.டி. ஸ்கேனில் கட்டி இல்லை, வீக்கம் மட்டும். "கட்டி இல்லாமல் எதற்குக் கத்தி வைக்க வேண்டும்?" என்று மாமியார் கேட்டதில் நியாயம் இருந்தது. அதே கேள்வியை நான் மருத்துவரிடம் கேட்டேன். அவர் 2016ல் வெளியான ஓர் ஆய்வை எடுத்துக் காட்டினார். கட்டி இல்லாத 126 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு அறுவையும் ஸ்டீராய்டும், மறு பாதிக்கு ஸ்டீராய்டு மட்டும். மூன்று வருடம் கவனித்ததில், அறுவை செய்தவர்களுக்குத் தளர்ச்சியும் குறைவு, ஒருநாள்விட்டு ஒருநாள் எடுத்த ஸ்டீராய்டும் சராசரி 60 மில்லிகிராமுக்குப் பதில் 44தான். ஸ்டீராய்டில் முகம் உப்பி, சர்க்கரை ஏறி, நள்ளிரவில் பசித்து எழுந்துகொண்டிருந்த எனக்கு அந்த 16 மில்லிகிராம் பெரிய விஷயம்.

தைமஸ் அறுவை 1930களிலிருந்தே நடக்கிறது. அது உண்மையிலேயே பலன் தருகிறதா என்று முறையாகச் சோதிக்க இத்தனை காலம் ஆகியிருக்கிறது. அந்தச் சோதனையை முன்னின்று தொடங்கியவர்களில் ஒருவர் பிரிட்டன் நரம்பியல் மருத்துவர் நியூசம்-டேவிஸ். 1976ல் இந்த நோய்க்குப் பிளாஸ்மா மாற்றத்தைச் செய்துகாட்டியதிலும் அவருக்குப் பங்கு உண்டு. முடிவைப் பார்க்காமலே 2007ல் ருமேனியாவில் கார் விபத்தில் இறந்துபோனார். கத்தியா, மாத்திரையா என்பதைக் குலுக்கலுக்கு விட்டுக் கையெழுத்துப் போட்ட அந்த 126 பேரைத்தான் எனக்கு அடிக்கடி நினைக்கத் தோன்றுகிறது. நான் சம்மதித்திருப்பேனா என்றால், சந்தேகம்தான்.

ஆனால் அறுவைக்கு முன் என்னிடமும் ஒரு தாள் வந்தது. எடுக்கும் சுரப்பியில் ஒரு பகுதியை ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளலாமா என்று தமிழிலேயே கேட்டிருந்தார்கள். மறுத்தாலும் சிகிச்சையில் வித்தியாசம் இருக்காது என்ற வரிக்குக் கீழே கோடு. "உன் உடம்பிலிருந்து எடுத்ததை வைத்து அவர்கள் என்னம்மா செய்வார்கள்?" என்றார் மாமியார். எந்த அணு தவறாகப் பழகியது என்று தேடுவார்கள் என்றேன். இரண்டாம் பக்கத்தை முழுதாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். பெயரை நீக்கி எண் மட்டும் வைப்பார்களா என்பதை அந்தப் பக்கத்தில் பாருங்கள்.

அறுவை துளை வழியாக நடந்தது. அதில் சொல்ல அதிகம் இல்லை. மயக்க மருத்துவரிடம் நோயின் பெயரை நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். தசையைத் தளர்த்தும் சில மருந்துகள் நமக்கு மிகக் குறைந்த அளவிலேயே பிடித்துக்கொள்ளும். காப்பீட்டு ஒப்புதலுக்குக் காத்திருந்த நாட்கள் அறுவையைவிட அலுப்பு.

புதிய மருந்துகளைப் பற்றி உறவினர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். காம்ப்ளிமென்டைத் தடுக்கும் எகுலிசுமாப் 2017லும், எதிர்ப்பொருளைச் சீக்கிரம் சிதைய வைக்கும் எஃப்கார்டிஜிமோட் 2021லும் இந்த நோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றன. விலையைக் கேட்டால் அடுத்த கேள்வி வராது. எனக்கு ஓடுவது நோய் எதிர்ப்பை அடக்கும் அசாதியோபிரின். பலன் தெரிய மாதங்கள் பிடிக்கும், நடுவில் வெள்ளணுவையும் கல்லீரலையும் ரத்தப் பரிசோதனையில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஸ்டீராய்டு மெல்ல இறங்கிக்கொண்டிருக்கிறது.

பர்ஸில் ஒரு தாள் வைத்திருக்கிறேன்: ஜென்டாமைசின், அமிகாசின், சிப்ரோஃப்ளாக்சசின், அசித்ரோமைசின், புரோப்ரனலால், ஊசி வழி மெக்னீசியம். இவை நோயைத் தூண்டிவிடக்கூடியவை, மருத்துவர் வேறு வழியில்லை என்று சொன்னால் ஒழியத் தொடக்கூடாது. தொண்டை வலி என்று போய் நின்றால் சீட்டுக்கூடக் கேட்காமல் அசித்ரோமைசினை எடுத்துக் கொடுப்பது நம் ஊர் மருந்துக்கடைகளின் பழக்கம். நான் தாளை மேசைமேல் விரிப்பதைப் பார்த்து எங்கள் தெருக் கடைக்காரர் முதலில் கோபித்துக்கொண்டார். இப்போது அவரே ஒரு நகல் எடுத்துக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார்.

பள்ளியில் தலைமையாசிரியை என் பாடவேளைகளையெல்லாம் முற்பகலுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார். கடைசிப் பாடவேளை தலையில் விழுந்த வேதியியல் ஆசிரியருக்கு என்மேல் இன்னும் வருத்தம் இருக்கிறது.