பேக்கர்ஸ்ஃபீல்டில் பிறந்த பென்

பழைய படங்களைப் பார்த்துப் படிவம் நிரப்புவது மூன்று ஆண்டுகள் என் வேலையாக இருந்தது. எத்தனை பெண்கள் பேசுகிறார்கள், சிறுபான்மையினர் யாராக வருகிறார்கள், என்ன தொழில் செய்கிறார்கள் என்று கட்டம் கட்டமாகக் குறிக்க வேண்டும். படம் பார்க்கச் சம்பளமா என்று வீட்டில் கேலி செய்வார்கள். ஒரே காட்சியை ஐந்து முறை ஓட்டிப் பார்ப்பவனுக்குத்தான் அந்த அலுப்பு தெரியும்.

ஒரு நாள், ஜான் பேதம் இயக்கி 1986-இல் வந்த ஹாலிவுட் படம் 'ஷார்ட் சர்க்யூட்' என் பங்குக்கு விழுந்தது. இராணுவத்துக்காகச் செய்த ரோபோ, மின்னல் தாக்கி உயிர் பெறும் கதை. சிறு வயதில் பக்கத்து வீட்டு வீடியோ கேசட்டில் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன். ரோபோவைவிட எனக்குப் பிடித்தவர் இந்தியப் பொறியாளர் பென். வெள்ளைக்காரன் படத்தில் நம் ஆள் என்று அப்போது பெருமை வேறு.

படிவத்திலும் பென் நன்றாகவே தேறினார். தெற்காசியர், பெயருள்ள பாத்திரம், படித்தவர், முக்கியமானவர்: எல்லாவற்றிலும் டிக். நடிகர் பெயரைச் சரிபார்க்கும்போதுதான் கை நின்றது. ஃபிஷர் ஸ்டீவன்ஸ், சிகாகோவில் பிறந்த வெள்ளையர். முகத்தில் பழுப்புச் சாயம், வாயில் கோணல் ஆங்கிலம். பாத்திரத்தின் குடும்பப் பெயர் ஜபிட்டூயா. எந்த இந்திய மொழியிலும் நான் கேட்டிராத பெயர். 1988-இல் வந்த இரண்டாம் பாகத்தில் அது ஜார்வி ஆகிவிட்டது.

இவ்வளவுக்கும் படத்தின் மிக நல்ல நகைச்சுவை பென்னுடையதுதான். எந்த ஊர் என்று கேட்டால், கலிஃபோர்னியாவில் உள்ள பேக்கர்ஸ்ஃபீல்ட் என்ற ஊரைச் சொல்கிறார். அதில்லை, உன் முன்னோர்கள் என்றால், "ஓ, அவர்களா? பிட்ஸ்பர்க்." அதுவும் அமெரிக்க ஊர்தான். அசடு வழிவது கேட்டவர். ஆனால் இரண்டாம் பாகத்தில் அதே பென் அமெரிக்கக் குடியுரிமைக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறார். கலிஃபோர்னியாவில் பிறந்தவருக்கு அது எதற்கு? இரண்டு பாகங்களையும் எழுதியவர்கள் அதே இருவர்தான். இரண்டே ஆண்டுகளில் மறந்துவிட்டார்கள். கடைசியில் பொன்முலாம் பூசிய ரோபோவும் அவரும் ஒன்றாகக் குடியுரிமை உறுதிமொழி எடுக்கிறார்கள்.

அந்த இரண்டாம் பாகத்தில் கதாநாயகனே பென்தான். காதலியும் கிடைக்கிறாள். அன்றைய ஹாலிவுட்டில் இந்தியப் பாத்திரத்துக்கு அப்படியொரு இடம் அபூர்வம். அதையும் சாயம் பூசித்தான் கொடுத்தார்கள் என்பதுதான் எரிச்சல். தமிழ்நாட்டிலிருந்து அமெரிக்கா போன பெற்றோரின் மகனான நகைச்சுவை நடிகர் அஸீஸ் அன்சாரி, 2015-இல் நியூயார்க் டைம்ஸில் இதைப் பற்றி எழுதினார். சிறுவனாகப் பார்த்து மகிழ்ந்தவருக்குக் கல்லூரியில்தான் உண்மை தெரிந்ததாம். தெற்கு கரோலினாவில் வளர்ந்த அந்தப் பையனின் ஏமாற்றத்துக்கு முன்னால் என்னுடையது ஒன்றுமேயில்லை. எனக்குச் சுற்றிலும் நம் முகங்கள். தெருக்கோடித் திரையரங்கிலும் அவையே.

குழுத் தலைவியிடம் போய், டிக்கை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"பாத்திரம் தெற்காசியர்தானே? படிவம் நடிகரைக் கேட்கவில்லையே" என்றார்.

"மேடம், சாயத்தை எப்படி ஆளாகக் கணக்கு வைப்பது?"

பக்கத்து மேசையில் இருந்தவர் சிரித்தார். "நம் படங்களில் வெள்ளைத் தோல் நடிகைக்குக் கறுப்பு பூசிக் கிராமத்துப் பெண்ணாக்குவதை எந்தக் கட்டத்தில் போடுவீர்கள், சார்?"

எனக்குப் பதில் வரவில்லை. அப்படிப்பட்ட படங்களுக்கு நானே யோசிக்காமல் டிக் போட்டிருக்கிறேன்.

மேடம் கொஞ்சம் இரங்கி, எண்ணிக்கையில் அரை போடுங்கள் என்றார். போட்டுப் பார்த்தேன். மென்பொருள் முழு எண்ணை மட்டும்தான் ஏற்றுக்கொள்ளும். சிவப்பாக மின்னித் திருப்பி அனுப்பியது. குறிப்புப் பெட்டியில் நான்கு வரி எழுதினேன். சுருக்கச் சொல்லித் திரும்பி வந்தது. 'நடிகர் தெற்காசியர் அல்லர்' என்ற மூன்று சொற்களோடு முடித்தேன்.

எண்ணிக்கைக் கட்டத்தில் 1 அப்படியே இருக்கிறது.