ஓடைத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தால் சந்தோஷப்படலாமா?

போன ஐப்பசியில் இரண்டு நாள் நல்ல மழை அடித்து ஓய்ந்த பிறகு, அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு அழகர்மலைக்குப் போயிருந்தேன். ராக்காயி அம்மனைக் கும்பிட்டு, நூபுர கங்கையில் தலையை நனைத்துக்கொண்டு இறங்கும் வழியில் ஓர் ஓடை ஓரமாக உட்கார்ந்தோம். "தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு மாமா, அப்ப நல்ல தண்ணிதானே?" என்றாள். ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த வாரம்தான் அவளுக்கு அமில மழைப் பாடம் சொல்லிக் கொடுத்திருந்தேன். தாஜ்மகால் பளிங்கு அரிப்பதைப் பற்றி விரிவாக இருந்த அந்தப் பாடத்தில் காட்டுக்கும் ஓடைக்கும் சேர்த்து ஒரே ஒரு வரிதான். எனக்கு அது ஆறவே இல்லை.

ஸ்வீடனிலும் நார்வேயிலும் அமில மழையால் செத்துப்போன ஏரிகள் பலவற்றில் தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருந்தது, அடி மணல்வரை தெரியும். மிதக்கும் நுண்பாசிகள் குறைந்து, தண்ணீரைப் பழுப்பாக்கும் இலைச்சாறெல்லாம் அடியில் படிந்துவிட்டதால் வந்த தெளிவு அது. மீன் கிடையாது. அந்த அமிலம் வெகுதூரத்துத் தொழிற்சாலைப் புகையிலிருந்து காற்றோடு வருகிறது என்று ஸ்வீடனின் மண்ணியல் அறிஞர் ஸ்வாந்தே ஓடன் 1967-ல் எழுதியபோதுதான் ஐரோப்பா திடுக்கிட்டது.

சாதாரண மழையே கொஞ்சம் புளிப்புதான், காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைவதால் அதன் பி.எச். (புளிப்பைக் காட்டும் எண், எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 5.6-ஐ ஒட்டி இருக்கும். நிலக்கரிப் புகையின் கந்தகமும் வண்டிப் புகையின் நைட்ரஜன் ஆக்சைடுகளும் சேர்ந்தால் அது 4 வரைக்கும் இறங்கும். ஒவ்வொரு எண் இறங்கும்போதும் அமிலம் பத்து மடங்கு ஏறுகிறது என்பதால், 5.6-க்கும் 4-க்கும் நடுவில் கிட்டத்தட்ட 40 மடங்கு வித்தியாசம்.

இந்த மழை முதலில் கை வைப்பது மண்ணில். மண்ணிலிருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் அமிலத்தை வாங்கிக்கொண்டு, தாங்கள் கரைந்து ஓடையோடு போய்விடும். பாட்டன் சேர்த்து வைத்த சொத்தைப் பேரன் உட்கார்ந்து தின்கிற மாதிரி, பல வருஷம் வெளியில் ஒன்றுமே தெரியாது, காடு பச்சையாகத்தான் நிற்கும். அந்தக் கையிருப்பு தீர்ந்த பிறகு, மண்ணுக்குள் அடைந்து கிடந்த அலுமினியம் கரைந்து கிளம்புகிறது. வேரைக் கெடுக்கிறது. ஓடைக்கு வந்து மீனின் செவுளில் படிகிறது, மீன் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் சாகிறது. பி.எச். 5-க்கு வந்துவிட்டால் பெரும்பாலான மீன் முட்டைகள் பொரிப்பதில்லை. தவளை 4 வரைகூடத் தாங்கும், ஆனால் அது தின்கிற, ஓடைக் கல்லடியில் குஞ்சாக வளரும் மேஃப்ளை என்ற சிறு பூச்சிகள் 5.5-க்குக் கீழே நிற்காது. அப்புறம் தவளை தாங்கி என்ன செய்வது?

என்னை ரொம்ப நாள் விடாமல் துரத்தியது நெதர்லாந்துப் பறவைகளின் கதை. அங்கே அமிலம் ஏறிய காடுகளில் சிட்டுப் பறவைகள் மெல்லிய, உடையும் ஓட்டோடு முட்டையிட்டன. காரணம் தேடிப்போனால், மண்ணில் கால்சியம் குறைந்ததால் நத்தைகள் இல்லை, ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்பு அந்தப் பறவைக்கு நத்தைக் கூட்டிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. மழையில் ஒரு கோளாறு, கூட்டில் முட்டை உடைகிறது.

அமெரிக்காவில் 1990-ல் சட்டம் திருத்திப் புகையைக் கட்டுப்படுத்தினார்கள், மழையும் தேறியது. மண் அதே வேகத்தில் தேறவில்லை. நியூ ஹாம்ப்ஷயரின் ஹப்பர்ட் புரூக் காட்டில் 1999-ல் ஒரு மலைச்சரிவு முழுக்க ஹெலிகாப்டரில் கால்சியம் கனிமப் பொடியைத் தூவிப் பார்த்தார்கள். நலிந்து கிடந்த மேப்பிள் மரங்கள் மீண்டும் வளர்ந்தன. இழந்ததை அப்படிக் கையால் அள்ளிப் போட வேண்டியிருந்தது.

சரி, நம் ஊருக்கு வருவோம். இந்தியாவில் பல இடங்களில் நம்மைக் காப்பாற்றுவது புழுதி. அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து அமிலத்தை வானத்திலேயே முறித்துவிடுகிறது. ஆனால் அழகர்மலை, சிறுமலை எல்லாம் கெட்டிப் பாறை மேல் மெல்லிய மண், ஸ்காண்டிநேவிய ஏரிகளைச் சுற்றியிருப்பதும் அந்த மாதிரிக் கருங்கல் நிலம்தான். அனல் மின் நிலையப் புகையில் கந்தகத்தைப் பிடிக்க வேண்டும் என்று 2015-ல் விதி போட்டு, காலக்கெடுவைத் தள்ளிக்கொண்டே வந்து, 2025-ல் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே கொடுத்துவிட்டார்கள். எனக்கு இது கொஞ்சமும் சரியாகப் படவில்லை. புகை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும் என்று ஓடன் சொல்லி அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது.

அவள் கேள்விக்கு அன்றைக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: "மேல பாத்தாத் தெரியாதுடா, கல்லைப் புரட்டிப் பாரு." சுடிதாரைச் சுருட்டிக்கொண்டு இறங்கி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கல்லைத் தூக்கினாள். அடியில் மூன்று வால் நூலோடு ஒரு மேஃப்ளைக் குஞ்சு, தட்டையாக ஒட்டிக்கொண்டு நெளிந்தது. இன்னொரு கல்லிலும் இரண்டு. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எடுத்த வாக்கிலேயே கல்லைத் திரும்ப வைத்தாள்.