டெய்சி சினையா, கொழுப்பா? ஒரு ஸ்கேனுக்காக அலைந்த அனுபவம்

மினி பன்றி சினையாக இருக்கிறதா இல்லையா என்று வயிற்றைத் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுகிறேன் என்று யார் சொன்னாலும், அவர் டாக்டராகவே இருந்தாலும், தயவுசெய்து நம்பாதீர்கள். அப்படி ஒரு டாக்டர் சொன்னதால் எங்கள் டெய்சி சில வாரம் அரை வயிறாகக் கிடந்தாள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நாங்கள் இருப்பது டெக்சாஸில், டாலஸுக்கு வடக்கே. வேறு மாநிலத்துக்கு மாறிப் போன ஒரு குடும்பத்திடமிருந்து டெய்சியை வாங்கிக்கொண்டோம். அப்போது அவளுக்கு ஒரு வயது இருக்கும். அதுவரை உடன்பிறந்த ஆண் பன்றியோடு ஒரே கொட்டகையில் இருந்தவள். "அவனுக்குக் காயடித்தாகிவிட்டது, பயமில்லை" என்றுதான் சொல்லிக் கொடுத்தார்கள். எப்போது காயடித்தார்கள் என்பதற்கு ஒரு காகிதமும் கூட வரவில்லை.

வந்த சில வாரத்தில் எனக்குச் சந்தேகம் தட்டியது. பெண் பன்றி 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். மினி பன்றி வளர்ப்பவர்களுக்கு அந்த இரண்டு மூன்று நாள் பாடு நன்றாகத் தெரியும்: உறுமல், தலையணையை இழுத்துப் போட்டு ஏறுவது, பழகின இடத்தை விட்டு வேறு இடத்தில் சிறுநீர் கழிப்பது, முதுகில் கை வைத்து அழுத்தினால் அசையாமல் நிற்பது. டெய்சியிடம் இதில் ஒன்றும் இல்லை. சாப்பிடுவாள், வெயிலில் படுப்பாள், அவ்வளவுதான்.

சரி, டாக்டரிடம் காட்டலாம் என்று போனை எடுத்தால் நாய் பூனை பார்க்கும் மருத்துவமனைகள் "பன்றி பார்ப்பதில்லை" என்றன. பண்ணை விலங்கு டாக்டர்கள் "வீட்டில் வளர்க்கும் ஒற்றைப் பன்றிக்காக வருவதில்லை" என்றார்கள். ஒருவழியாக ஓர் இடத்தில் நேரம் கொடுத்தார்கள். கூண்டில் ஏற்றிக்கொண்டு போய், அங்கே அவள் போட்ட கூச்சலில் வரவேற்பறையே காலியானது. டாக்டர் வயிற்றை இரண்டு பக்கமும் அழுத்திப் பார்த்தார். "சினையெல்லாம் இல்லை, குண்டாகிவிட்டாள். தீவனத்தைப் பாதியாகக் குறையுங்கள்." ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாமே என்று கேட்டேன். இவ்வளவு கொழுப்பில் ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டார். ஆண் பன்றியோடு இருந்தவள் என்று நான் இரண்டாம் முறை சொன்னபோது அவர் ஏற்கெனவே அடுத்த அறைக்கு நடந்துகொண்டிருந்தார்.

இந்த மினி பன்றிகள் பெரும்பாலும் வியட்நாம் பானைவயிற்றுப் பன்றியின் வழியில் வந்தவை. வயிறு தொங்குவது இவற்றுக்குப் பிறவியிலேயே உள்ளது. சினை இல்லாதவளுக்கும் வயிறு தரையைத் தொடலாம், சினையானவளுக்கும் தொடலாம். மடி இறங்கி, காம்புகள் தடித்துத் தெரிவது கடைசி சில வாரங்களில்தான். காம்பை அழுத்தினால் பால் வருகிறது என்றால் அநேகமாக 24 மணி நேரத்துக்குள் குட்டி வந்துவிடும். அதுவரை காத்திருந்து தெரிந்துகொள்வதில் என்ன பயன்?

பொள்ளாச்சியில் அப்பா மாடு வைத்திருக்கிறார். அன்று ராத்திரி அவரிடம் புலம்பினேன். "வயித்தைப் பாக்காதே கண்ணு. மாட்டுக்கும் அதே இருபத்தொரு நாள் கணக்குதான். வந்ததுல இருந்து ஒருக்காவாவது கத்துச்சா? கிடாகூட கடைசியா என்னைக்கு இருந்துச்சு? அந்த ரெண்டையும் எழுதி வை" என்றார். பன்றியை அவர் வளர்த்ததே இல்லை. ஆனாலும் அந்த மருத்துவமனையில் யாரும் கேட்காத இரண்டு கேள்வியையும் அவர்தான் கேட்டார். மாட்டுக்குச் செய்வதுபோல் கையை உள்ளே விட்டுச் சினை பார்க்க முடியாதா என்றும் கேட்டார். மினி பன்றியின் உடம்பு அதற்கு மிகச் சிறியது. பெரிய பண்ணைப் பன்றிகளில் மட்டும்தான் அப்படிப் பார்க்க முடியும்.

அடுத்து அந்தக் காகிதத்தைத் தேடினேன். காயடித்த மருத்துவமனையைக் கண்டுபிடித்துக் கேட்டால், உரிமையாளர் எழுதிக் கொடுக்காமல் விவரம் தர மாட்டோம் என்றார்கள். பழைய உரிமையாளர் குறுஞ்செய்தியைப் பார்ப்பார், பதில் வராது. விடாமல் கேட்டுக்கொண்டே இருந்ததில் ஒருநாள் ரசீதைப் படமெடுத்து அனுப்பினார். அதில் இருந்த தேதியைப் பார்த்ததும் எனக்கு உடம்பு பதறியது. அவனுக்குக் காயடித்ததே டெய்சி எங்களிடம் வருவதற்குக் கொஞ்ச நாள் முன்புதான்! காயடித்த அன்றே ஆண் பன்றி மலடாகிவிடாது. மிச்சமிருக்கும் விந்து ஒரு மாதத்துக்கு மேலும் சினையாக்கக்கூடும். மினி பன்றியில் ஆண் மூன்று மாத வயதுக்குள்ளேயே இனச்சேர்க்கைக்குத் தயாராகிவிடுவதும் உண்டு. உடன்பிறந்தவள் என்ற கணக்கெல்லாம் அதற்குக் கிடையாது.

பிறகு தேதிக் கணக்கும் போட்டேன். பன்றிக்குச் சினைக்காலம் சுமார் 114 நாள். மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் என்று ஞாபகம் வைத்துக்கொள்வார்கள். இருவரும் கடைசியாகச் சேர்ந்திருந்த நாளோடு, அதாவது டெய்சி எங்களிடம் வந்த நாளோடு, 114-ஐக் கூட்டினால், சினையாக இருந்தால் எந்தத் தேதிக்கு மேல் அநேகமாகப் போகாது என்பது தெரிந்துவிடும். இணை சேர்ந்ததைக் கண்ணால் பார்க்காதவர்களுக்கு இதுதான் பிடிமானம்.

இடையில் நண்பர்கள் சொன்ன யோசனைகளையும் சொல்லிவிடுகிறேன். மனிதர்களுக்குக் கர்ப்பம் பார்க்கும் சிறுநீர்ப் பட்டை பன்றிக்கு வேலை செய்யாது. அது காட்டுகிற ஹார்மோன் பன்றியின் உடம்பில் சுரப்பதில்லை. 'பீப்' சத்தம் போடுகிற மலிவான கருவிகளும் வேண்டாம். அவை உள்ளே நீர் இருக்கிறதா என்றுதான் பார்க்கின்றன. சிறுநீர்ப்பை நிறைந்திருந்தாலும், கருப்பையில் சீழ் இருந்தாலும் 'சினை' என்றே சொல்லும். பருவம் நின்றது மட்டுமே உறுதியான சான்றும் இல்லை. கருப்பை நோயிலும் சூலகக் கட்டியிலும் பருவம் தப்பலாம். அப்படியானால் அதுவும் டாக்டர் பார்க்க வேண்டிய விஷயம்தானே.

இன்னொரு மருத்துவமனையில் மயக்க மருந்து கொடுத்து எக்ஸ்ரே எடுக்கலாம் என்றார்கள். குட்டியின் எலும்பில் சுண்ணாம்பு படிந்த பிறகுதான் எக்ஸ்ரேயில் தெரியும், அதற்கு முன் எடுத்தால் வெறும் வயிறுதான் தெரியும். சினையாக இருக்கக்கூடிய பன்றிக்கு அதற்காக மயக்க மருந்தா? வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

கடைசியில் வழி திறந்தது தீவனக் கடையில். மூட்டை வாங்கும்போது அங்கிருந்த பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். "உயர்நிலைப் பள்ளி விவசாய ஆசிரியரைக் கேளுங்கள், எஃப்எஃப்ஏ (பள்ளி மாணவர்களுக்கான விவசாய அமைப்பு) பிள்ளைகள் கண்காட்சிக்குப் பன்றி வளர்க்கிறார்களே" என்றார். எனக்கு இது தோன்றவே இல்லை! டெக்சாஸில் ஊருக்கு ஊர் அந்தப் பிள்ளைகள் உண்டு. அவர்களின் பன்றிகளைப் பார்க்கிற டாக்டரிடம் கையடக்க ஸ்கேன் கருவி இருக்க வாய்ப்பு அதிகம். ஆசிரியர் கொடுத்த எண்ணில் பேசினேன். அந்த டாக்டர் அந்த வாரமே வீட்டுக்கு வந்தார்.

வந்தவர் முதலில் கேட்டது தேதியைத்தான். இணை சேர்ந்து 25 நாள் ஆவதற்கு முன் ஸ்கேன் எடுத்தால் தவறவிட வாய்ப்பு அதிகம், இப்போது சரியான நேரம் என்றார். கூண்டு இல்லை, மயக்க மருந்து இல்லை. ஒரு தட்டில் வெள்ளரித் துண்டுகளை வைத்தார். அவள் நின்றபடி சாப்பிட, பின்னங்காலுக்குச் சற்று முன்னால், காம்பு வரிசைக்கு மேலே, தோல் மெல்லிய இடத்தில் பசை தடவிக் கருவியை வைத்தார். திரையில் கறுப்பு வட்டங்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சின்ன உருவம். ஒன்றில் விலா எலும்பு சீப்புப்போல வரிசையாகத் தெரிந்தது. அதனடியில் இதயம் படபடத்தது. கொழுப்பில் ஒன்றும் தெரியாது என்றாரே அந்த டாக்டர்! என் மகள் கத்திய கத்தலுக்கு டெய்சிகூடத் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

பாதித் தீவனம்தான் போடுகிறோம் என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. அன்றைக்கே பழைய அளவுக்குத் திரும்பினோம். கடைசி மாதத்தில் படிப்படியாகக் கூட்டச் சொன்னார். தடுப்பூசி, பூச்சி மருந்து எல்லாம் அவரே பார்த்துக்கொண்டார்.

பிரசவம் சிக்கலில்லாமல் நடந்தது. முந்தின நாள் வைக்கோலையும் போர்வையையும் வாயால் இழுத்து இழுத்துப் படுக்கை கட்டினாள், விடிவதற்குள் ஐந்து குட்டி. பிறந்த குட்டிகளுக்கு 32 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். தாய்க்கு அந்தச் சூடு ஆகாது. அதனால் விளக்கை ஒரு மூலையில் மட்டும் கட்டி, தாய் போக முடியாதபடி தடுப்பு வையுங்கள். வீட்டுக்குள்ளேயே வளரும் குட்டிகளுக்கு முதல் சில நாளிலேயே இரும்புச்சத்து ஊசி போட வேண்டும், பன்றிப் பாலில் இரும்பு மிகக் குறைவு. இந்த ஊசி கையிருப்பில் இருக்கிறதா என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

ஐந்தில் மூன்று ஆண். மூன்றுக்கும் காயடித்து, ஒரு மாதத்துக்கு மேல் தனியாக வைத்திருந்த பிறகுதான் கொடுத்தோம். காயடித்த தேதி போட்ட ரசீதின் நகல் ஒவ்வொரு குட்டியோடும் போயிருக்கிறது. டெய்சிக்குக் கருப்பை எடுக்க அடுத்த மாதம் நேரம் வாங்கியிருக்கிறோம். எடுக்காமல் விட்டால் வயதான மினி பன்றிகளுக்குக் கருப்பையில் கட்டி வருவது சாதாரணம் என்று ஸ்கேன் எடுத்த டாக்டர் சொன்னார். அறுவையும் அவரிடம்தான்.