புள்ளி தெரியாத நாட்கள்

நவம்பர் 20

வெறும் வயிற்றில் சர்க்கரை 214. நூற்றைம்பதுக்குக் கீழே இறங்காமல் கண்ணில் கத்தி வைக்க முடியாது என்று மதுரையில் முடிவாகச் சொல்லிவிட்டார்கள். வலது கண்ணுக்கு முன்னால் வெந்நீர் ஆவி படிந்த கண்ணாடி ஒன்று எந்நேரமும் நிற்கிறது. இடது கண்ணையும் உருப்பெருக்கியையும் நம்பி எபிரேய வேதாகமத்தில் தானியேல் ஒன்பதாம் அதிகாரத்தைத் திறந்தவன், இருபத்துநான்காம் வசனத்தின் முதல் இரண்டு சொற்களிலேயே நின்றுவிட்டேன். ஷின், பேத், ஐயின், யோத், மேம். அடுத்த சொல்லும் ஷின், பேத், ஐயின், யோத், மேம். எழுத்துகளைச் சுற்றியுள்ள புள்ளிகளைப் பார்த்துத்தான் முதலாவதை ‘ஷாவுயீம்’, அதாவது வாரங்கள் என்றும், இரண்டாவதை ‘ஷிவ்யீம்’, அதாவது எழுபது என்றும் படிக்க வேண்டும். எனக்கு இன்று எழுத்துகள் தெரிந்தன, புள்ளிகள் தெரியவில்லை.

நவம்பர் 21

அந்தப் புள்ளிகளை இட்டவர் தானியேல் அல்லர் என்பதை நினைத்துச் சற்றே ஆறுதல் கொண்டேன். பல நூற்றாண்டுகளுக்குப் பின் திபேரியாவில் இருந்த மசோரெத்தியர்கள் என்னும் யூத வேத அறிஞர்கள், வாய்வழியாக வந்த உச்சரிப்பு அழிந்துவிடக் கூடாது என்று மெய்யெழுத்துகளைத் தொடாமல் சுற்றிலும் குறிகளை இட்டார்கள். நம் ஓலைச்சுவடிகளிலும் மெய்க்குப் புள்ளி கிடையாது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் எழுத்தில் வேறுபாடு காட்ட வீரமாமுனிவர் வந்து வழி செய்யும் வரை, படிக்கிறவர்தான் இடம் பார்த்து முடிவு செய்தார்.

‘ஷேவா’ என்றால் ஏழு. அதே மூன்று எழுத்துகளே ஆணையிடுதலுக்கும் வேர். ஆபிரகாம் ஏழு பெண்ணாட்டுக்குட்டிகளைத் தனியே நிறுத்தி ஆணையிட்ட கிணறு பெயெர்செபா: அது ஏழின் கிணறா, ஆணையின் கிணறா என்று கேட்டால், ஆதியாகமம் இரண்டுக்கும் இடம் வைத்தே கதையைச் சொல்கிறது. ஷின்னின் தலைமேல் வலப்பக்கம் இருக்கும் புள்ளியை இடப்பக்கம் மாற்றிவிட்டால் ‘சாவா’ ஆகிவிடும், வயிறு நிறைதல் என்று பொருள். சர்க்கரைக்காரனுக்கு அந்தப் புள்ளி என்றைக்கும் வலப்பக்கத்தில்தான்.

நவம்பர் 23

186. சப்பாத்தி, மறுபடியும் சப்பாத்தி.

நவம்பர் 26

திருக்கார்த்திகை. முகப்பிலிருந்து வளவு வரை வீட்டுக்கார ஆச்சி அகல் ஏற்றியிருக்கிறார்கள். நான் குடியிருக்கும் இரண்டாங்கட்டு வாசலிலும் இரண்டு வைத்துவிட்டு, “தம்பிக்குப் பொரி உருண்டை ஆகாதுல்ல” என்று தட்டைத் திருப்பி எடுத்துப் போய்விட்டார்கள். அகல் ஒவ்வொன்றைச் சுற்றியும் எனக்குப் பெரிய வட்டம் தெரிகிறது. பிள்ளையார் நோன்புக்கு நாள் எண்ணுவது இன்றிலிருந்துதான் என்றார்கள். 21 நாள், 21 இழை.

நவம்பர் 29

ஆச்சி மாமனாரின் பர்மா மௌல்மீன் கடைப் பேரேட்டைக் கொண்டுவந்து, தமிழ் எண்களைப் படித்துச் சொல்லச் சொன்னார்கள். எகரம் போல் இருப்பது ஏழு, அகரம் போல் இருப்பது எட்டு, வகரம் போல் இருப்பது கால். எட்டேகால் லட்சணம் என்று வைதால் அது அவலட்சணம் என்று ஊருக்கே தெரியும். எழுத்தே எண்ணாக நிற்கும் மொழிகளில் இந்த விளையாட்டைத் தவிர்க்க முடியாது. எபிரேயர் எழுத்துகளைக் கூட்டுகிறார்கள். தாவீது என்ற பெயர் 4, 6, 4, மொத்தம் 14. மத்தேயு வம்சவரலாற்றை மூன்று பதினான்காக அடுக்கியதற்கு இதைக் காரணமாகச் சொல்வார்கள். பதினைந்தைப் பத்தும் ஐந்துமாக எழுதினால் தேவநாமத்தின் எழுத்துகள் வந்துவிடும் என்று ஒன்பதும் ஆறுமாக எழுதுகிறார்கள். களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்னாமல் ‘லாபம்’ என்கிறோமே, அந்தக் கூச்சம்தான்.

பேச்சு பாபேல் ராஜா பெல்ஷாத்சாரின் அரண்மனைச் சுவரில் தோன்றிய எழுத்தில் போய் நின்றது. மெனே, மெனே, தெக்கேல், உப்பார்சின். இவை அரமேயச் சொற்கள். சுவரில் இருந்தது வெறும் எடைக் கணக்கு போலத்தான் படிக்கக் கிடைக்கிறது: ஒரு மினா, இன்னொரு மினா, ஒரு சேக்கல், அரை மினாக்கள். தானியேல் அந்தப் பெயர்ச்சொற்களை வினைகளாக்கி, எண்ணப்பட்டது, நிறுக்கப்பட்டது, பிரிக்கப்பட்டது என்று வாசிக்கிறான். பிரித்தலைச் சொல்லும் ‘பெரேஸ்’ என்பதற்குள்ளேயே பெர்சியாவின் பெயரும் ஒலிக்கிறது. ஆச்சி பேரேட்டை மூடிக்கொண்டே, “அப்ப அந்த ராசாவுக்கு ஐந்தொகை எடுத்துக் காட்டிட்டாகன்னு சொல்லுங்க” என்றார்கள். நான் படித்த எந்த உரையிலும் இதைவிடச் சுருக்கமான விளக்கம் இல்லை.

டிசம்பர் 1

ஜெபக்கூட்டத்தில் ஒருவர், வெளிப்படுத்தின விசேஷத்தில் மிருகத்தின் எண்ணாக வரும் 666-ஐ யாருடைய பெயரிலெல்லாமோ பொருத்திக் காட்டும் தாள் ஒன்றை விநியோகித்தார். ரோமப் பேரரசன் நீரோவின் பெயரை நேரோன் கேசர் என்று எபிரேய எழுத்தில் எழுதினால் 50, 200, 6, 50, 100, 60, 200; கூட்டினால் 666. நேரோன் என்பதன் இறுதி எழுத்தான நூனை, அதாவது 50-ஐ, விட்டுவிட்டால் 616, அந்த எண்ணைக் கொண்ட பழம்பிரதியும் கிடைத்திருக்கிறது. இதைச் சொன்னேன். யாருக்கும் பிடிக்கவில்லை. தலைவலியோடு திரும்பினேன்.

டிசம்பர் 2

நேற்றுச் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. எபிரேயர் எழுத்துகளை எண்களாக எழுதியதற்குச் சான்று, கிறிஸ்துவுக்கு முன் யூதேயாவை ஆண்ட அஸ்மோனேய அரசர்களின் காசுகளில்தான் தொடங்குகிறது. ஆகவே எரேமியாவிலும் ஏசாயாவிலும் கூட்டுத்தொகை தேடுகிறவர்கள், அந்தத் தீர்க்கதரிசிகள் அறியாத வாய்ப்பாட்டை அவர்கள் கையில் திணிக்கிறார்கள். எரேமியா செய்தது வேறு: முதல் எழுத்துக்குக் கடைசி எழுத்து, இரண்டாவதற்குக் கடைசிக்கு முந்தியது என்று மாற்றி, பாபேல் என்பதைச் சேசாக்கு என்று எழுதினான். அதில் கூட்டலே இல்லை.

டிசம்பர் 4

171. மதுரைக்குப் போக வேண்டிய தேதி தள்ளிப்போயிற்று. எத்தனை நாள் என்று கேட்டேன், “பாத்துக்கலாம் சார்” என்றார்கள். நாற்பது ஆண்டு கணக்குப் பாடம் எடுத்தவனிடம் இப்படி ஒரு விடையைச் சொல்லக் கூடாது.

இரவெல்லாம் தானியேல் ஒன்பதின் இருபத்தைந்தாம் வசனம். தமிழ் வேதாகமத்தில், பிரபுவாகிய மேசியா வருமட்டும் ஏழு வாரமும் அறுபத்திரண்டு வாரமும் செல்லும் என்று இரண்டும் ஒரே மூச்சில் வருகின்றன. தெயோதோத்தியோன் என்பவரின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பும் அப்படியே சேர்த்துப் படிக்கிறது. ஆனால் மசோரெத்தியர்கள் ‘ஏழு’ என்ற சொல்லின் அடியில் அத்னாக் என்னும் நிறுத்தக் குறியை இட்டிருக்கிறார்கள். அங்கே நிறுத்தினால் அபிஷேகம் பெற்றவர் ஏழு வாரத்தில் வந்துவிடுகிறார், அறுபத்திரண்டு வாரம் நகரத்தைக் கட்டுவதற்கு என்று ஆகிவிடுகிறது. நிறுத்தாவிட்டால் அவர் அறுபத்தொன்பது வாரத்துக்குப் பின் வருகிறார். ஒரு வாரத்தை ஏழு ஆண்டாகக் கொண்டால் நாலு நூறு ஆண்டுக்கு மேற்பட்ட வேறுபாடு, ஒரு குறியில். அத்னாக் எல்லா இடத்திலும் முற்றுப்புள்ளியாக நிற்பதில்லை என்பதும் உண்மைதான். ஆதியாகமத்தின் முதல் வசனத்தில் ‘ஆதியிலே தேவன் சிருஷ்டித்தார்’ என்ற இடத்தில் அது வருகிறது, எவற்றை என்பது அதற்குப் பிறகுதான். ஆகவே குறி இருப்பதால் மட்டும் வழக்கு தீராது. எண்ணத் தொடங்கும் ஆண்டிலும் ஒற்றுமை இல்லை: பெர்சிய ராஜா கோரேசின் கி.மு. 538-இலிருந்து எண்ணுகிறவர்கள் உண்டு, அவனுக்குப் பின் வந்த அர்தசஷ்டாவின் 458-இலிருந்தோ 445-இலிருந்தோ எண்ணுகிறவர்கள் உண்டு, ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய ஆண்டில் வந்து இறங்குகிறார்கள். முடிவை வைத்துக்கொண்டு வழியைத் திருத்தும் பையனுக்கு நான் மதிப்பெண் போட்டதில்லை.

இருந்தாலும் அந்தக் குறியை நானே பார்க்க வேண்டும். இருக்கிறது என்று எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். என் பிரதியில் ‘ஷிவா’ என்ற சொல்லுக்கு அடியில் ஒரு கறைதான் தெரிகிறது. கைப்பேசியில் உள்ள பதிப்பில் உயிர்க்குறிகளை மட்டும் வைத்து மற்றவற்றை விட்டுவிட்டார்கள்.

டிசம்பர் 6

தானியேல் மூன்று வாரம் ருசியான அப்பம் உண்ணவில்லை, இறைச்சியும் திராட்சரசமும் தொடவில்லை, பத்தாம் அதிகாரம். அங்கே எபிரேயத்தில் ‘நாட்களான வாரங்கள்’ என்று நாள் என்ற சொல்லைச் சேர்த்தே எழுதியிருக்கிறது, ஒன்பதாம் அதிகாரத்தில் அந்தச் சொல் இல்லை. ஒன்பதில் உள்ளவை ஆண்டு வாரங்கள் என்று சொல்வோருக்கு இது நல்ல பிடி. 21 நாள் பெர்சியாவின் அதிபதி எதிர்த்து நின்றானாம். ஆச்சியிடம் சொன்னால் மகிழ்வார்கள், ஆனால் சொல்ல மாட்டேன். இரண்டு இடத்தில் ஒரே எண் வந்தால் அவை உறவுக்காரர்கள் ஆகிவிடுவதில்லை.

டிசம்பர் 8

142!

டிசம்பர் 9

ஆச்சி புது வேட்டியின் ஓரத்திலிருந்து இழை உருவுகிறார்கள். விரலை நாக்கில் தொட்டு, நுனியைப் பிடித்து, மூச்சு விடாமல் இழுத்து, மடியில் நீளவாக்கில் போடுகிறார்கள். எண்பத்தொரு வயது, இரண்டு கண்ணும் எப்போதோ அறுவை ஆனவை. எனக்கு வெறும் கை அசைவுதான் தெரிந்தது, நூல் தெரியவில்லை. “இருக்கு தம்பி, தொட்டுப் பாருங்க” என்று ஒன்றை என் விரலில் சுற்றினார்கள்.

‘திக்வா’ என்ற எபிரேயச் சொல்லை நம்பிக்கை என்றுதான் எங்கும் பெயர்க்கிறோம். யோசுவா இரண்டாம் அதிகாரத்தில் ராகாப் சன்னலில் கட்டிய சிவப்பு நூலுக்கும் அதே சொல். காத்திருத்தல் என்னும் வினைச்சொல்லும் முறுக்கிய கயிறும் ஒரு வேரிலிருந்து வந்தவை என்பார்கள். விரலில் இழை இருந்த வரையில் அதை எடுக்க மனம் வரவில்லை.

டிசம்பர் 12

நாளை மறுநாள் என்று உறுதியாகிவிட்டது. இன்றே சொட்டு மருந்து. காரோடு வர வேண்டிய மருமகன் மதியமே “வந்துட்டேன் மாமா” என்றான். அப்போது அவன் புதுக்கோட்டையைத் தாண்டவில்லை. இதற்குத் தீர்க்கதரிசன முற்றுவினை என்று பெயர். நமக்கு ஒரு பாலகன் பிறந்தார் என்று ஏசாயா சொன்னபோதும் இன்னும் பிறக்கவில்லை. நம் வீடுகளில் அன்றாடம் பேசுகிற இலக்கணத்துக்கு உரையாசிரியர்கள் இத்தனை பக்கம் எழுதியிருக்கிறார்கள்.

டிசம்பர் 15

நான் சொல்ல, மருமகன் எழுதுகிறான். கட்டு நாளைக்குத்தான் பிரிப்பார்கள். பையில் இருந்த புத்தகத்தை எடுத்து இருபத்தைந்தாம் வசனத்தைக் காட்டச் சொன்னேன். அவனுக்கு எபிரேயம் தெரியாது என்பதால் வலப்பக்கத்திலிருந்து வரிகளையும் சொற்களையும் எண்ண வைத்தேன், இரண்டு முறை தவறிப்போனான். மூன்றாம் முறை சரியான சொல்லில் விரலை வைத்து, ஷின், பேத், ஐயின், ஹே என்று நான் வடிவம் சொல்லச் சொல்ல ஒத்துப் பார்த்தான். அடியில் என்ன இருக்கிறது என்றேன். புள்ளிகள் இருக்கின்றன என்றான். வேறு? சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சின்னதா ஒரு கூரை மாதிரி இருக்கு, மாமா” என்றான்.