வராத செய்திக்கும் அலர்ட் வேண்டும்

இரவில் ஓடும் பேக்கப் பாதியில் நின்றுபோனால் யாருக்குத் தெரியும்? மானிட்டரிங் சர்வர் பிங் போட்டுப் பார்க்கும், சிபியுவையும் டிஸ்க்கையும் அளக்கும், எல்லாவற்றையும் பச்சையாகவே காட்டும். வெளியிலிருந்து பார்க்கும் எதற்கும் இந்தத் தோல்வி புலப்படாது. அது தெரிந்த ஒரே இடம், குறித்த நேரத்தில் வேலையை ஓட்டிய ஷெட்யூலர். அதனால் ஒவ்வொரு வேலையின் முடிவிலும் ஷெட்யூலரே கமாண்ட் லைன் வழியாக மானிட்டரிங்குக்குச் செய்தி அனுப்ப வேண்டும் என்று எங்கள் குழுவில் விடாமல் வலியுறுத்தி வருகிறேன்.

அனுப்புவது ஒரே வரிதான். மானிட்டரிங் மென்பொருள் ஜாபிக்ஸ் என்றால், வெளியிலிருந்து வரும் மதிப்பை வாங்கிக்கொள்ளும் டிராப்பர் வகை ஐட்டம் ஒன்றை உருவாக்கி, ஜாபிக்ஸ் சென்டர் என்ற கமாண்ட் கொண்டு 10051 போர்ட்டுக்கு மதிப்பை அனுப்பலாம். இன்னொரு மானிட்டரிங் மென்பொருளான நாகியோஸில், முடிவை வெளியிலிருந்து பெற்றுக்கொள்ளும் பாசிவ் செக் உண்டு. அதற்கான என்எஸ்சிஏ என்ற துணைக்கருவி வழியாக அனுப்பினால் வழக்கமான போர்ட் 5667. பழைய கருவிகளுக்கு, நெட்வொர்க் வழியாகத் தாமாக அறிவிப்பு அனுப்பும் எஸ்என்எம்பி டிராப். இதில் மட்டும் கவனம் தேவை. டிராப் பெரும்பாலும், சேர்ந்ததை உறுதிசெய்யாத யுடிபி முறையில் 162ஆம் போர்ட்டுக்குப் போகிறது; போய்ச் சேர்ந்ததா என்று அனுப்பியவருக்குத் தெரியாது. எஸ்என்எம்பியின் இன்னொரு வகை அறிவிப்பான இன்ஃபார்ம் அனுப்பினால் மறுமுனையிலிருந்து ஒப்புதல் வரும். வாய்ப்புள்ள இடங்களில் நான் இன்ஃபார்மையே கேட்பேன்.

செய்தி போவதைவிட, உண்மையான செய்தி போவதுதான் கடினம். பேக்கப் கமாண்டின் வெளியீட்டைப் பைப் போட்டு, அதாவது அடுத்த கமாண்டுக்குக் கடத்தி, லாக்கில் எழுதும் ஸ்கிரிப்ட்டுகள் ஏராளம். பாஷ் ஷெல்லில் பைப்பின் எக்ஸிட் கோட் (வெற்றியா தோல்வியா என்று சொல்லும் எண்) என்பது கடைசிக் கமாண்டினுடையது. பேக்கப் தோற்றாலும் லாக் எழுதுவது வெற்றி என்பதால், வெற்றியைக் குறிக்கும் 0 கிடைக்கும். மானிட்டரிங்குக்கும் அந்த 0தான் போகும். பைப்ஃபெயில் அமைப்பை இயக்கிவிட்டால் இது சரியாகும். நாகியோஸுக்கு 0 சரி, 1 எச்சரிக்கை, 2 ஆபத்து, 3 தெரியவில்லை. ஆனால் வேலையைச் செய்யும் புரோகிராமில் 1 என்பதற்கு வேறு பொருள் இருக்கலாம். அதைப் படித்துப் பார்த்து மாற்றிக் கொடுப்பது நம் பொறுப்பு. கையால் ஓட்டும்போது போகும் அலர்ட், லினக்ஸ் ஷெட்யூலரான கிரானில் போகாமல் இருந்தால், முதலில் பாத்தை (கமாண்டுகளைத் தேடும் இடங்களின் பட்டியலை) பாருங்கள். கிரான் தரும் பாத் மிகச் சிறியது, கமாண்டின் முழுப் பாதையையும் எழுதிவிடுவது நல்லது.

இவ்வளவு செய்தும் ஒரு பெரிய ஓட்டை மிஞ்சுகிறது. தோற்றால் மட்டும் செய்தி என்று வைத்திருந்தால், கிரானே ஓடாத இரவிலும், நெட்வொர்க் அறுந்த இரவிலும் மானிட்டரிங் அமைதியாக இருக்கும். அந்த அமைதியை வெற்றி என்று எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். ஆகவே வெற்றியையும் அனுப்ப வேண்டும். குறித்த நேரத்துக்குள் எதுவும் வராவிட்டால் மானிட்டரிங் தானாகக் குரல் எழுப்ப வேண்டும். ஜாபிக்ஸில் இதற்கு நோடேட்டா டிரிகர், நாகியோஸில் ஃபிரெஷ்னஸ் சோதனை. தினமும் ஓடும் வேலைக்குச் சரியாக 24 மணி நேரம் என்று வைத்தால் கொஞ்சம் தாமதமானாலும் வீண் அலர்ட் கிளம்பும். வேலை எவ்வளவு முன்பின் ஆகிறது என்று கவனித்து 26 மணி நேரம்போல வைப்பது என் வழக்கம். வீண் அலர்ட்டுகள் பெருகினால் உண்மையானதையும் யாரும் பார்க்க மாட்டார்கள்.

அலர்ட்டின் வாசகத்துக்கும் நான் நேரம் ஒதுக்குகிறேன். பின்னிரவில் எழுந்து அதைப் படிப்பவர் அந்த ஸ்கிரிப்ட்டை எழுதியவராக இருக்கமாட்டார். 'ஜாப் ஃபெயில்டு' என்று மட்டும் போனால் அவர் என்ன செய்வார்? எந்த சர்வர், எந்த வேலை, லாக் எங்கே, மறுபடி ஓட்டினால் பாதகமில்லையா, காலை வரை விட்டுவைக்கலாமா ஆகியவை அந்த வாசகத்திலேயே இருக்க வேண்டும். கடைசி இரண்டுக்கும் பதில் தெரிந்தவர் வேலையை எழுதியவர் மட்டுமே என்பதால், அவரிடம் முன்பே கேட்டு வாங்கிவிடுகிறோம்.

இப்போது எங்களிடம் புதிய வேலை எது வந்தாலும், முதலில் அதைத் தோற்கச் செய்து பார்க்கிறோம். பிறகு கிரான் வரியையே நிறுத்திவைத்து, கெடு முடிந்ததும் அலர்ட் வருகிறதா என்று பார்க்கிறோம். இரண்டும் வந்த பிறகே அந்த வேலையைப் பொறுப்பேற்கிறோம்.