கூந்தன்குளத்துக்கு எத்தனை எழுத்து? நான்கு இடத்தில் பதிவிடும் கருவியைச் சரிசெய்த அனுபவம்

ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் கிளம்பி நாங்குநேரிப் பக்கம் இருக்கும் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் போய்விடுவேன். ஒன்பது மணிவரை கரையில் நின்று பறவைகளை எண்ணி, படம் எடுத்து, வீட்டுக்கு வந்து ஒரு குறிப்பு எழுதுவேன். அந்தக் குறிப்பு நான்கு இடங்களுக்குப் போக வேண்டும். முதலாவது என் வேர்ட்பிரஸ் வலைப்பூ. வெளியூர், வெளிநாட்டு ஆர்வலர்கள் மாஸ்டடான், புளூஸ்கை என்ற இரண்டு சமூக வலைத்தளங்களில் இருக்கிறார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு டெலிகிராம் சேனல்தான். ஒவ்வொன்றாகத் திறந்து ஒட்டிக்கொண்டிருந்தால் ஞாயிற்றுக்கிழமைப் பகல் அதிலேயே போய்விடும்.

அதற்காக இரண்டு வருடத்துக்கு முன் பைத்தான் நிரல்மொழியில் ஒரு ஸ்கிரிப்ட், அதாவது சிறு நிரல், எழுதினேன். ஓடியது, ஆனால் குறைகள் சேர்ந்துகொண்டே வந்தன. இந்தப் பொங்கல் விடுமுறையில் அதை முழுதாகப் பிரித்துப் போட்டு உட்கார்ந்தேன். தமிழில் எழுதிப் பல இடங்களில் பதிவிடுகிற யாருக்காவது பயன்படட்டும் என்று, செய்ததை இங்கே எழுதிவைக்கிறேன்.

போகி: லிங்க் போய் ஒட்டிய இடம்

மாஸ்டடானிலும் டெலிகிராமிலும் முகவரியை உரைக்குள் எழுதினாலே அது லிங்க் ஆகிவிடுகிறது. புளூஸ்கைக்கு ஏபிஐ (நிரல் தளத்தோடு நேரடியாகப் பேசும் வழி) வழியாக அனுப்பும்போது அப்படி ஆகாது. உரையில் எங்கே தொடங்கி எங்கே முடிகிற பகுதி லிங்க் என்று நாமே எண்ணிச் சொல்ல வேண்டும். அதற்கு ஃபேசட் என்று பெயர். என் ஸ்கிரிப்ட் அதை ஒழுங்காகச் செய்கிறது என்றுதான் நம்பியிருந்தேன். எழுதிய அன்று ஓர் ஆங்கில வரியை அனுப்பிச் சோதித்ததோடு சரி. தமிழ்க் குறிப்பு போனபோது லிங்க் ஊர்ப்பெயரின் நடுவில் ஒட்டிக்கொண்டு, ஓர் எழுத்து உடைந்து கட்டம் கட்டமாகத் தெரிந்தது.

கூந்தன்குளம் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். நாம் எண்ணினால் கூ, ந், த, ன், கு, ள, ம் என்று 7 எழுத்து. கணினி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் அது 12 குறியீடு: ககரம் தனி, அதன் ஊகாரக் குறி தனி, நகரம் தனி, புள்ளி தனி, இப்படியே போகும். அந்த 12 குறியீடும் யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு வடிவில் ஆளுக்கு 3 பைட் எடுக்கும். மொத்தம் 36. பைத்தானிடம் நீளம் கேட்டால் 12 என்று சொல்லும். ஃபேசட் கேட்பதோ பைட் கணக்கு. ஊர்ப்பெயர், ஓர் இடைவெளி, உடனே லிங்க் என்று உரை இருந்தால், பூஜ்யத்திலிருந்து எண்ணும்போது லிங்க் 37இல் தொடங்க வேண்டும். என் ஸ்கிரிப்ட் கொடுத்தது 13.

13 எங்கே விழுகிறது என்று தாளில் எழுதி எண்ணினேன். க 0, 1, 2. ஊகாரக் குறி 3, 4, 5. ந 6, 7, 8. புள்ளி 9, 10, 11. அடுத்து வரும் 12, 13, 14 மூன்றும் சேர்ந்தால்தான் 'த'. அதன் நட்டநடுவில் வெட்டியிருக்கிறேன். ஆங்கிலத்தில் ஓர் எழுத்து, ஒரு குறியீடு, ஒரு பைட் என்று மூன்றும் ஒன்றாகவே இருப்பதால் இந்தப் பிழை அங்கே தலைகாட்டவே வழியில்லை. திருத்தியது ஒரே ஒரு வரி: லிங்க்குக்கு முன்னால் உள்ள உரையை யூடிஎஃப்-8ஆக மாற்றி, அதன் பைட்களை எண்ணச் சொன்னேன்.

அன்று இரவு அதைவிட வருத்தமான ஒன்றைக் கண்டுபிடித்தேன். மாஸ்டடானின் வழக்கமான வரம்பு 500, புளூஸ்கைக்கு 300. இரண்டுமே கண்ணுக்குத் தெரிகிற எழுத்தைத்தான் எண்ணுகின்றன. அதாவது கூந்தன்குளம் அங்கே 7. என் ஸ்கிரிப்ட் இரண்டுக்கும் 12 என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. 300 எழுத்துக்கு இடம் இருக்கும்போதே, ஏறத்தாழ 180 எழுத்திலேயே இடம் முடிந்துவிட்டது என்று என்னை நிறுத்தியிருக்கிறது. இரண்டு வருடமாக, இல்லாத நெருக்கடிக்காகச் சொற்களை வெட்டியிருக்கிறேன். 'மஞ்சள் மூக்கு நாரை' என்று எழுத வேண்டிய இடத்தில் வெறும் 'நாரை' என்று நிற்கிற பழைய பதிவுகளைப் பார்த்தபோது மனசு கஷ்டமாக இருந்தது. எத்தனையோ வகை நாரை வந்து இறங்குகிற குளத்தைப் பற்றிய குறிப்பில் 'நாரை' என்று மட்டும் சொன்னால் அதில் என்ன தெரியும்?

இப்போது ரீஜெக்ஸ் என்ற கூடுதல் நூலகத்தை வைத்துப் பார்வைக்குத் தெரியும் எழுத்தை எண்ணுகிறேன். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 'பக்ஷி' என்பதில் 'க்ஷி' நம் கண்ணுக்கு ஒரே எழுத்து. யூனிகோட் விதிப்படி க், ஷி என்று இரண்டு. தளங்களும் இரண்டு என்றே எண்ணும் என்பதால் அதை அப்படியே விட்டுவிட்டேன். டெலிகிராமின் கணக்கு வேறு. அங்கே ஒரு சொல்லின் மேல் லிங்க்கை ஏற்றினால், அதன் இடத்தை யூடிஎஃப்-16 என்ற இன்னொரு வடிவின் அலகில் சொல்ல வேண்டும். தமிழுக்கு அது குறியீட்டு எண்ணிக்கையேதான், 12. எமோஜி ஒன்று நடுவில் வந்தால் மட்டும் அதைப் பெரும்பாலும் இரண்டோ அதற்கு மேலோ அலகாக எண்ண வேண்டும்.

பொங்கல்: ஹேஷ்டேக்கும் நீண்ட முகவரியும்

காலையில் பானை இறக்கியதும் திரும்ப உட்கார்ந்தேன். '#பறவைகள்' என்று நான் எழுதியதெல்லாம் புளூஸ்கையில் '#பறவ' என்று பதிவாகியிருந்தது. அங்கே ஹேஷ்டேக்கையும் ஃபேசட்டாக நாமே சுட்ட வேண்டும். பைத்தானோடு வரும் தேடல் நூலகம் 'சொல்லுக்குரிய எழுத்து' என்ற வகையில் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் சேர்ப்பதில்லை. ப, ற, வ வரை வந்துவிட்டு, ஐகாரக் குறியைப் பார்த்ததும் சொல் முடிந்தது என்று நின்றுவிட்டது. குறிகளையும் சேர்த்துப் பிடி என்று வெளிப்படையாக எழுதிய பிறகுதான் முழுச் சொல் வந்தது.

'#கொக்கு' இன்னும் விசித்திரம். கம்ப்யூட்டரில் தட்டிய கொக்கும் பழைய ஒரு கோப்பிலிருந்து எடுத்த கொக்கும் பார்வைக்கு ஒன்றுதான். உள்ளே, ஒன்றில் ஒகரக் குறி ஒரே குறியீடு. மற்றதில் ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனி. கணினிக்கு இரண்டும் வேறு வேறு சொல். எல்லா உரையையும், பிரிந்து கிடக்கும் குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி என்ற இயல்பாக்கத்துக்கு உட்படுத்திய பிறகே மற்ற வேலை என்று வைத்துவிட்டேன்.

முகவரி நீளமும் தமிழால் வந்த சங்கடம்தான். வலைப்பூவின் முகவரியில் தமிழ்ச் சொல் இருந்தால், நகலெடுக்கும்போது ஒவ்வொரு குறியீடும் சதவீதக் குறியோடு 9 எழுத்தாக விரியும். கூந்தன்குளம் மட்டும் 108. மாஸ்டடானில் பிரச்சினை இல்லை. எவ்வளவு நீள லிங்க்கையும் அது 23 என்றே எண்ணும். புளூஸ்கையில் அப்படியே ஒட்டினால் பாதி இடத்தை விழுங்கிவிடும். ஃபேசட் எந்த உரைக்கும் வைக்கலாம் என்பதால் 'முழுக் குறிப்பு' என்ற இரண்டு சொல்லின் மேல் லிங்க்கை ஏற்றிவிட்டேன்.

மாட்டுப் பொங்கல்: மூன்று தடவை போன படம்

விடுமுறைக்குச் சில வாரம் முன்பு நடந்தது இது. குளத்தங்கரையில் சிக்னல் ஒரு கோடுதான் வரும். அங்கிருந்தே அனுப்பிவிட்டுப் பைக்கை எடுத்தேன். வழியில் போன் அடித்தது. சேனலில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர்.

"தம்பி, ஒரே படம் மூணு தடவ வந்திருக்கே, பாத்தியளா?"

"இல்லையே சார், ஒரு தடவைதானே அனுப்பினேன்."

"மூணு நிக்கி. அழிச்சிருங்க, புதுசா வாரவங்க மூணு பறவைன்னு நெனச்சிரப் போறாவ."

படம் போய்ச் சேர்ந்திருக்கிறது. சேர்ந்தது என்ற பதில் மட்டும் எனக்கு வரவில்லை. பதில் வராவிட்டால் திரும்ப அனுப்பு என்று ஸ்கிரிப்டில் எழுதிவைத்தது நான்தான். அது சொன்னதைச் செய்தது.

இதற்குத்தான் ஒரு நாள் முழுக்கப் போனது. எஸ்க்யூலைட் என்ற சிறு தரவுத்தளத்தில் ஒரு பேரேடு போட்டேன். ஒரு குறிப்புக்கு நான்கு வரி, இடத்துக்கு ஒன்று. அனுப்பும் முன்பே ஒவ்வொரு வரிக்கும் ஓர் அடையாளம் எழுதிவிடுகிறேன். மாஸ்டடானில் அந்த அடையாளத்தை ஐடெம்பொட்டன்சி கீ என்ற தலைப்பில் சேர்த்து அனுப்பினால், ஒரு மணி நேரத்துக்குள் அதே சாவியோடு மறுபடி வருவதைப் புதுப் பதிவாக எடுத்துக்கொள்ளாது. புளூஸ்கையில் பதிவுக்கான சாவியை நாமே முன்கூட்டி உருவாக்கித் தரலாம். அதே சாவியில் எத்தனை முறை எழுதினாலும் பதிவு ஒன்றுதான். வேர்ட்பிரஸில் ஸ்லக்கை (முகவரியில் வரும் பதிவின் பெயரை) முதலிலேயே முடிவுசெய்து, அந்தப் பெயரில் பதிவு இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அனுப்புகிறேன். டெலிகிராம் பாட் (தானியங்கிக் கணக்கு) வழியில் இப்படி ஒரு சாவி கிடையாது. அதனால் பதில் வராவிட்டால் அந்த வரியைச் 'சந்தேகம்' என்று குறித்து நிறுத்திவிடும். சேனலை நானே பார்த்து, போயிற்று அல்லது போகவில்லை என்று சொல்ல வேண்டும். தானாக நடக்க வேண்டிய வேலையில் இப்படி ஒரு நிறுத்தம் வைப்பது முதலில் பிடிக்கவில்லை. ஆனால் தாமதமாகப் போகும் படத்தால் யாருக்கும் நஷ்டமில்லை என்று பட்டது.

காணும் பொங்கல்: படத்துக்குள் இருந்த முகவரி

போனில் எடுக்கும் படத்துக்குள் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை ஒளிந்திருக்கலாம். சில தளங்கள் அதை நீக்கிவிடும், சில நீக்காது. வலைப்பூவில் ஏற்றும் மூலப் படம் அப்படியே சர்வரில் கிடக்கும். கூடு கட்டியிருக்கும் இடத்தைத் துல்லியமாக வெளியே சொல்லக் கூடாது என்பது பறவை பார்ப்பவர்களின் கண்டிப்பான பழக்கம். நான் வார்த்தையில் சொல்லாமல் படத்தில் சொல்லிக்கொண்டிருந்தேனோ என்று பதறிப்போய், பழைய படங்களை எல்லாம் இறக்கித் துடைத்து மறுபடி ஏற்றினேன். இப்போது எந்த இடத்துக்குப் போகும் முன்னும் தகவல் துடைக்கப்படுகிறது.

துடைத்ததும் செங்குத்தாக எடுத்த படங்கள் எல்லாம் படுத்துக்கொண்டன. எந்தப் பக்கம் மேல் என்பதும் அந்தத் தகவலுக்குள்தான் இருக்கிறது. முதலில் படத்தை நிமிர்த்தி, பிறகு துடைக்க வேண்டும். வரிசை மாறக் கூடாது.

அதோடு, ஒவ்வொரு படத்துக்கும் பார்வையற்றவர்களுக்கான விளக்கம் இல்லாவிட்டால் கருவி அனுப்ப மறுக்கும்படி செய்தேன். எழுதச் சோம்பல்படுகிற நாளிலும் இப்போது எழுதியே ஆக வேண்டும். 'வரித்தலை வாத்து' என்று பெயர் மட்டும் போட்டால் போதாது. வெள்ளைத் தலையின் பின்புறம் இரண்டு கறுப்புக் கோடு, மஞ்சள் அலகு என்று எழுதும்போது நானே அதை இன்னொரு முறை பார்க்கிறேன்.

வெட்டுவதை நிறுத்தியது

பழைய கருவி வலைப்பூக் குறிப்பின் தலைப்பகுதியை வெட்டி, மூன்று புள்ளி வைத்து, லிங்க்கோடு எல்லா இடத்துக்கும் தள்ளும். இப்போது குறிப்புக் கோப்பின் தொடக்கத்தில் எந்தெந்த இடத்துக்குப் போக வேண்டும் என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் உரிய பகுதியை நானே எழுதுகிறேன். இந்த யோசனை மைக்ரோபப்பிலிருந்து வந்தது. 2017இல் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சியின் பரிந்துரையான அந்த நெறிமுறையில், சொந்தத் தளத்தில் பதிவிடும்போதே பிரதி எங்கெல்லாம் போக வேண்டும் என்று குறிப்பதற்கு இடம் உண்டு. முதலில் சொந்தத் தளம், பிறகு மற்ற இடங்களுக்குப் பிரதி என்பது இண்டிவெப் இயக்கத்தினர் வெகுகாலமாகச் சொல்லிவருவது. முன்பு ஒரு பெரிய தளம் மூடப்பட்டபோது மூன்று வருடக் குறிப்புகளை இழந்தவன் என்பதால், இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை.

எண்ணுவது, சுமந்து போவது, கணக்கு வைப்பது கருவியின் வேலை. மாஸ்டடான் நண்பர்களுக்கு எண்ணிக்கையும் காலமும் வேண்டும். சேனலில் தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது, இந்த வாரம் வரலாமா என்று கேட்பார்கள். இதைக் கருவியால் ஊகிக்க முடியாது. அது எழுத்தை எண்ணி, வரம்பைத் தாண்டினால் எத்தனை எழுத்து அதிகம் என்று மட்டும் சொல்லும்.

போன ஞாயிறு முதல் முறையாக முழுதாக ஓடவிட்டேன். நான்கும் பச்சை. அரை மணி நேரத்தில் ஆசிரியரின் போன்.

"அது சாம்பல் நாரை இல்ல தம்பி. கழுத்தப் பாருங்க, செம்பழுப்பு அடிக்கி. செந்நாரைதான்."

பெரிதாக்கிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. கோப்பில் அந்தச் சொல்லை மாற்றி ஓடவிட்டதும், பேரேட்டிலிருந்த எண்களை வைத்து வலைப்பூ, மாஸ்டடான், சேனல் மூன்றிலும் பழைய பதிவே திருந்தியது. புளூஸ்கையில் திருத்தும் வசதி இல்லாததால், அங்கே அதே பதிவின் கீழ் 'செந்நாரை என்று வாசிக்கவும்' என்று ஒரு பதில் போனது. சேனலைத் திறந்து எண்ணினேன். படம் ஒன்றுதான் இருந்தது.