இறக்கைக்கும் இறக்கைக்கும் நடுவே நாலரை மீட்டர்

மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு ஒரு பக்கம் ஜிஎஸ்டி சாலையும் ரயில் பாதையும். இன்னொரு பக்கம் அடையாறு. இரண்டாவது ஓடுதளத்தையே ஆற்றின் மேல் பாலம் போட்டுத்தான் நீட்ட முடிந்தது. இப்படி நிலம் முடிந்துபோன இடத்தில், விமானங்களுக்கு ஸ்டாண்ட், அதாவது நிறுத்துமிடம், ஒதுக்குகிறவர் கையில் இருப்பவை இரண்டுதான்: மீட்டர், நிமிடம்.

முதலில் மீட்டர். ஏ320, 737 போன்ற சிறிய ஜெட்கள் எல்லாம் ‘சி’ பிரிவு. ஒரு இறக்கை நுனியிலிருந்து மறு நுனி வரை அகலம் 36 மீட்டருக்குள். பக்கத்து விமானத்துக்கு 4.5 மீட்டராவது விடவேண்டும். 777, ஏ350 போன்ற பெரியவை ‘ஈ’ பிரிவு. அகலம் 65 மீட்டருக்குள், இடைவெளி 7.5. ஆக, ஒரு ‘ஈ’க்கு 72.5 மீட்டர், இரண்டு ‘சி’க்கு 81. அந்த 81 மீட்டரில் மூன்று சென்டர்லைன் (விமானம் நேராக வந்து நிற்க வழிகாட்டும் கோடு) வரைந்தால், நடுக்கோட்டில் பெரியது ஒன்று நிற்கலாம், அல்லது ஓரக்கோடுகளில் சிறியவை இரண்டு. இதற்கு மார்ஸ் ஸ்டாண்ட் என்று பெயர். நள்ளிரவில் பன்னாட்டு விமானங்களும் விடிந்ததும் உள்நாட்டு விமானங்களும் குவிகிற நிலையத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடையாது.

அடுத்தது நிமிடம். ஓரக்கோட்டில் ஒரே ஒரு ஏ320 கிளம்பத் தாமதித்தாலும் நடுக்கோடு மொத்தமும் போச்சு. வந்திறங்கிய 777 டாக்ஸிவேயில் (ஓடுதளத்திலிருந்து ஸ்டாண்டுக்கு வரும் பாதையில்) நிற்கும். அதன் பின்னால் வருவதெல்லாம் நிற்கும். அதனால் பெரிய விமானங்களை முதலில் எழுதிவிட்டு, மிச்சத்தில்தான் சிறியவற்றை நிரப்ப வேண்டும். பெரியது வருவதற்கு முந்தைய ஒரு மணி நேரம் ஓரக்கோடுகளில் எதையும் விடாமலிருப்பதே நல்லது. தாளில் அது வீணாகத் தெரியும், வீண் அல்ல.

அதிகம் ஏமாற்றுவது கடைசி நேர விமான மாற்றம். ஏ320க்குப் பதில் ஏ321 வருகிறது என்று செய்தி வரும். இரண்டுக்கும் இறக்கை ஒன்றுதான், ‘சி’ பிரிவுதான், எனவே யாரும் கவலைப்படுவதில்லை. நீளத்தைப் பாருங்கள்: 37.57 மீட்டர் எங்கே, 44.51 எங்கே! மூக்கு அதே இடத்தில் நின்றாலும் வால் ஏழு மீட்டர் பின்னால் நீளும். ஆழம் குறைந்த ஸ்டாண்டில் அந்த வால் எல்லைக்கோட்டைத் தாண்டி, பின்னால் போகும் விமானத்தின் வழியில் நிற்கும். விமானம் தரையிறங்கும் முன்பே ஸ்டாண்டை மாற்றிவிட வேண்டும். டெர்மினலிலிருந்து நீளும் நடைபாலமான ஏரோபிரிட்ஜ் ஒட்டிய பிறகு ஒன்றும் செய்ய முடியாது. அகலத்திலும் இதே கதைதான். பழைய ஏ320 34.1 மீட்டர், இறக்கை நுனியில் மேல்நோக்கி வளைந்த ஷார்க்லெட் வைத்தது 35.8. பழைய அளவுக்கு நெருக்கி வரைந்த கோடுகளில் அப்படி இரண்டு பக்கத்தில் பக்கத்தில் நின்றால் நாலரை மீட்டர் 2.8 ஆகிவிடும்.

ஏடிஆர் என்ற சிறிய புரொப்பெல்லர் விமானங்களுக்கு டெர்மினலை ஒட்டிய ஸ்டாண்ட் தேவையில்லை. பயணிகள் ஏறும் கதவு பின்பக்கம், தரைக்கு அருகே இருக்கிறது, ஏரோபிரிட்ஜ் பொருந்தாது. தொலைவு ஸ்டாண்டும் பஸ்ஸும் போதும்.

நெடுநேரம் நிற்கப்போகிற பெரிய விமானத்தைப் பயணிகள் இறங்கியதும் இழுத்து ஒதுக்கி, புறப்படும் நேரத்துக்குத் திரும்பக் கொண்டுவருவது இன்னொரு வழி. ஆனால் ஒவ்வொரு இழுவைக்கும் டிராக்டர், பொருத்தமான டோ பார் (இழுக்கும் கம்பி), காக்பிட்டில் பிரேக் பிடிக்கத் தெரிந்த ஒருவர், டவர் அனுமதி எல்லாம் வேண்டும். இரவு ஒரு மணிக்குக் கேட்டால் கிடைக்காது. மாலை ஷிஃப்டிலேயே பெயர் போட்டு எழுதி வாங்கிவிட வேண்டும்.